மேட்டை இடிக்க எனக்கு ஆட்சேபணை இல்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பவில்லை. தாங்கள் தைலம் தேய்ப்பதே இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நேற்று வரை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. இன்று இந்தக் கடிதத்துக்காகப் பேசுகிறோம். என் மனைவி நாற்காலிக்குப் பின்னால் நின்று, நான் எழுத எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகள் வீடு கட்டிக்கொள்வதற்காக எங்கள் தெருவுக்குப் பின்னால் மலைச்சரிவில் தாங்கள் வாங்கிய மனையைச் சமன் செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். பொக்லைன் ஓட்டுபவரும் சொன்ன நாளில் வந்தார். இந்தக் காலத்தில் அதுவே அதிசயம். மனையின் குறுக்கே நீளமாக ஒரு மண்மேடு போகிறதே, அதில் அவர் கை வைக்கப் போகும் சமயத்தில் நான், "ஒரு நிமிஷம்பா" என்றேன். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை.

அந்த மேட்டைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அதன் மேல்பக்கம் அதை ஒட்டியே ஒரு பள்ளம் ஓடுவதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். பள்ளம் தோண்டுகிறவன் மண்ணை எந்தப் பக்கம் போடுவான்? தன் பக்கம்தான். அடுத்தவன் பக்கம் போட்டால் சண்டை வரும். வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு பையன்கள் நடுவில் கோடு போட்டால், அவனவன் பையை அவனவன் பக்கம்தானே அடுக்குகிறான்? ஆகவே அது யாரோ கீழ்ப்பக்கத்துக்காரர் போட்ட எல்லைக்கரை. அடுத்து, மேலிருந்து இறங்கும் பாதை. அதில் ஆள் நடந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். யாரும் அதைத் தோண்டவில்லை. எங்கள் வீட்டு சோபாவில் நான் உட்காரும் இடம் குழிந்திருப்பதைப் போல, நடந்து நடந்தே குழிந்தது. மீதியை மழைத் தண்ணீர் அரித்திருக்கிறது. அந்தப் பாதை நேராக வந்து, கரைக்குப் பக்கத்தில் திடீரென்று வளைந்து, கரையில் உள்ள இடைவெளி வழியாகப் போகிறது. டிக்கெட் வாங்க நிற்கும் வரிசை ஒரு தூணைச் சுற்றி வளைந்தால், முதலில் வந்தது வரிசையா, தூணா? தூண்தான். அப்படியானால் கழுத்தளவு ஆழத்துக்குக் குழிந்த பாதையைவிடக் கரை பழையது.

இதை நான் பொக்லைன்காரரிடம் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது.

"அப்ப இது எந்தக் காலத்துது சார்?" என்றார்.

"அது தெரியாதுப்பா. யாரு போட்டாங்கன்னும் தெரியாது. பாதைக்கு முந்தினது, அவ்வளவுதான். பாதை இவ்வளவு ஆழம் போகணும்னா எத்தனை தலைமுறை நடந்திருக்கும், நீயே யோசி."

அவர் யோசித்தார். இயந்திரத்தை அணைத்தார். மறுநாள் மனைவியையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு மேட்டைப் பார்க்க வந்தார். மாமனாருக்கு வரிசையையும் தூணையும் அவரே விளக்கினார். என்னைவிட நன்றாக விளக்கினார் என்று சொல்ல வேண்டும். பிறகு என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர்கள் வந்தார்கள். அதில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் உண்டு. கையெழுத்து சரியில்லை என்று தன் சொந்தக் காசோலையையே ஒருமுறை திருப்பி அனுப்பியவர். அவர் கரையைச் சுற்றிக் கயிறு கட்டி, 'ஏறாதீர்கள்' என்று பலகை நட்டுவிட்டார். போன வாரம் நான் ஏறப் போனபோது, "சார், உங்களுக்குமா எழுதிக் காட்டணும்?" என்று கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் இருவரும் பள்ளப் பாதைக்குள் விழுந்தோம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் பாதையின் ஆழம் எனக்கு முழுமையாகப் புரிந்தது. பொக்லைன்காரர் தன் இயந்திரத்தின் வாளியை இறக்கி எங்களைத் தூக்கினார். அந்த மனையில் அந்த இயந்திரம் இதுவரை செய்த ஒரே வேலை அதுதான்.

இந்த நிலையில்தான் தங்கள் தொலைபேசி அழைப்பு வந்தது. மனை சரிவராவிட்டால் பரவாயில்லை, தங்கள் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். என் மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா? மாடி காலியா இருக்காம்."

"நல்ல மாடிதானேம்மா? காத்து வரும்."

"வரும், வரும். எம்பொண்ணு அங்க காத்து வாங்கட்டும். நீங்க இங்க மேட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க. நாளைக்கு நமக்குக் காய்ச்சல்னா மேடு எந்திரிச்சு வந்து வெந்நீர் வச்சுக் கொடுக்கும்."

சம்பந்தி இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாடியில் ஒரு குறையும் இல்லை. அது இருக்கும் தூரம்தான் குறை. ஒரே பெண். தெருவுக்குப் பின்னால் வந்துவிடுவாள் என்று நினைத்து இவள் சமையலறை ஜன்னல் திரையைக்கூடக் கழற்றி வைத்திருக்கிறாள், அங்கிருந்து அந்த மனை தெரியும் என்பதற்காக.

ஆகவே நான் பொக்லைன்காரரிடம் போய், "யோசிச்சுப் பார்த்தேன்பா, அது எப்பவோ குழாய் புதைச்சப்ப ஒதுக்கின மண்ணாத்தான் இருக்கும். தள்ளிடு" என்றேன்.

"குழாய் மண்ணா? அப்ப பாதை ஏன் சார் வளையுது?"

"பாதைன்னா வளையத்தான் செய்யும்."

"தூணு?" என்றார். பக்கத்தில் நின்ற மேலாளர், "பெஞ்சுல பையை அடுக்கினது?" என்றார். கற்றுக்கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். கற்றுக்கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. "வேற யாரையாச்சும் வச்சுத் தள்ளிக்குங்க சார், எனக்குக் கை வராது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனவே, அந்த மேடு பழமையானது என்று நான் சொன்னது அவசரத்தில் சொன்னது என்றும், அதை இடிக்க எனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். ("ஆட்சேபணை இல்லைன்னா போதாது. உடனேன்னு எழுதுங்க" என்கிறாள்.) உடனே. தங்கள் ஊரிலிருந்தே வேறொரு பொக்லைன்காரரை அனுப்பி வையுங்கள். அவரிடம் நான் எதையும் விளக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். (உறுதிக்குக் கீழே கோடு போடச் சொன்னாள். போட்டுவிட்டேன்.)

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. வீடு எங்கே அமைந்தாலும் அதில் அவர்கள் சிரித்துக்கொண்டு இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மேலே நலம் விசாரித்ததையும் ஆசி கூறியதையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். யாரையும் அனுப்ப வேண்டாம். அது குழாய் மண் இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் போட என்னால் முடியாது, கோடு போட்ட பிறகும். ஆனால் பெண் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை என் மனைவிக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும் உண்டு; அவள் சொல்லிவிடுகிறாள், நான் சொல்வதில்லை. கரைக்குக் கீழே தங்கள் மனையில் மிஞ்சும் இடம் வீட்டுக்குப் போதாதுதான். அதை ஒட்டி என் கொல்லையில் நான் காய்கறி போடும் இடத்தையும் சேர்த்துக்கொண்டால் தாராளமாகப் போதும். நேற்று கயிறு பிடித்து அளந்து பார்த்துவிட்டேன். அந்த இடத்தைப் பெண் பெயருக்கே எழுதித் தருகிறேன். தயவுசெய்து இதைத் தங்கள் யோசனையாகவே போனில் சொல்லுங்கள். நான் சொன்னால் மேட்டுக்காகச் சொல்வதாக என் மனைவி நினைப்பாள். தாங்கள் கேட்டவுடன் நான் கொஞ்சம் மறுப்பேன், காய்கறியைப் பற்றி வருத்தமாகக்கூடப் பேசுவேன். தாங்கள் மனம் தளராமல் வற்புறுத்த வேண்டும்.