சின்னவன் சுவர்த்திரை வென்ற படலம்

வாழ்க சின்னவன்! விசைப்பலகை வேந்தன், மவுஸ் பிடித்த மறவன், லேப்டாப்பைத் திறந்த மாத்திரத்தில் முதுகு வளைந்து மூவுலகும் மறக்கும் ஒருமுகச் செம்மல், குளிக்கவும் நேரமின்றி, செருப்பைக் கழற்றவும் பொழுதின்றி, அப்போதுதான் துடைத்த தரைமீது தடதடவென்று களம் புகுந்த கடுவேகத்தோன் வாழ்க! மின்சாரத் தாயே, இந்தக் கதை முடியும்வரையாவது போகாமல் இரு.

களம் எது என்று கேட்பீர்களானால், பல் டாக்டராகிய அவன் அக்காவின் கிளினிக். கன்னத்தைக் கையில் ஏந்தியோர் காத்திருக்கும் அதன் முன்னறையில் புதிதாக ஒரு சுவர்த்திரை. அதில் காட்டவேண்டிய அறிவிப்பை அக்காவே தனிக் கோப்பு ஒன்றில் எழுதி வைப்பாள். லூவா என்னும் சின்னஞ்சிறு கணினி மொழியில் நம் வீரன் இயற்றிய நிரல் அந்தக் கோப்பை வாசித்துத் திரையில் காட்டும். நாளை வாசகம் மாறினால் கோப்பை மட்டும் திருத்தினால் போதும், நிரலைத் தொடவே வேண்டாம். "இனிமே இதுக்காக நீ யாரையும் கூப்பிடவே வேணாம்க்கா!" என்று முந்தின நாள் அவன் முழங்கியபோது, மேசைமேல் இருந்த பல்செட்டு வாயைப் பிளந்தது. அது எப்போதுமே பிளந்துதான் இருக்கும்.

அந்தோ, அவனுக்கு ஒரு பழைய தோல்வி இருந்தது! அவன் கைபட்டுச் சீரான அழைப்புமணி, அன்றுமுதல் யாரும் அமுக்காமலே அடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அக்கா ஆணையிட்டாள்: "கதவைத் திறக்கிறதுக்குள்ள அறிவிப்பு வரணும். வரலைன்னா உன் அத்தான் சார்ட்ல எழுதி ஒட்டிடுவார். அப்புறம் இந்த கிளினிக்ல நீ ஒரு பல்பைக்கூடத் தொடக்கூடாது." முத்து முத்தான கையெழுத்துக்கு உரியவரான அத்தான், சார்ட்டும் செலோடேப்புமாகச் சுவரோரம் வந்து நின்றார்.

ஏவினான் வீரன் தன் நிரலை! திரையோ துடைத்துவிட்ட சிலேட்டைப்போல வெறுமையாக நின்றது. கோப்பு காணாமற்போயிற்றோ என்று ஐயுற்றுத் திறந்தான். அக்காவின் எழுத்துகள் அணிவகுத்து நின்றன. அவற்றைப் படித்தான் என்று சொல்ல முடியாது, பார்த்தான். உயிர்போகும் போரில் வாசகம் படிக்க வீரனுக்கு ஏது நேரம்? நிரலாவது வாசிக்கிறதா என்றால், அதற்கும் காவல் வைத்திருந்தான்: முதலில் கோப்பு முழுவதையும் வாசித்து, எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்; பிறகு வாசித்துத் திரையில் காட்டு. எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் பிசகாமல் வந்தது, திரையில் மட்டும் ஓர் எழுத்தும் வரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினான், ஊதிப் பார்த்தான், கோப்பின் பெயரை மாற்றினான், பழைய பெயரையே திரும்ப வைத்தான், கடைசியில் திட்டவும் செய்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கன்னங்கள் கூடத் தொடங்கின. அழைப்புமணி தானாக அடித்தது. இனி இந்தக் குடும்பத்தில் தன்னை நம்பி ஒரு பிளக்கைக்கூடத் தரமாட்டார்கள் என்று நினைத்தபோது, அத்தனை பட்டங்களையும் சுமந்த அந்த நெஞ்சுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாவம் என்று அக்கா உள்ளிருந்து ஒரு டம்ளர் டீ கொடுத்தனுப்பினாள். ஏந்தி வந்தவர் அத்தான். "இரு மச்சான், சர்க்கரை சரியா இருக்கான்னு பாத்துட்டுத் தரேன்." பார்த்தார். சந்தேகம் தீராமல் மறுபடி பார்த்தார். அடிமட்டம்வரை பார்த்துத் தெளிந்து, "கரெக்டா இருக்கு!" என்று அறிவித்து டம்ளரை நீட்டினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

வெற்று டம்ளருக்குள் உற்றுநோக்கினான் சின்னவன், அங்கே தன் நிரலைக் கண்டான்! ஐயகோ, இவனும் இதைத்தானே செய்திருக்கிறான்! இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கோப்பைக் கடைசி எழுத்துவரை வாசித்துத் தீர்த்துவிட்டு, வாசிப்பு கடைக்கோடியில் நிற்கும்போது, அங்கிருந்தே இன்னொருமுறை வாசி என்றால் லூவா எதை வாசிக்கும்? ஒருமுறை வாசித்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அதையே எண்ணி, அதையே காட்டியிருக்க வேண்டாமா! "அத்தான், நீங்க தெய்வம்!" என்று கட்டிக்கொண்டான். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் மறுக்கவில்லை.

பறந்தன விரல்கள், திருந்தின வரிகள். அக்கா கதவைத் திறக்கவும், இருள் கிழித்த கதிரென, பகை முடித்த வேலென, சுவர்த்திரை முழுவதும் வெண்ணிற எழுத்துகள் பெருக்கெடுத்துப் பொலியவும் சரியாக இருந்தது! கன்னம் ஏந்தியோர் அனைவரும் அண்ணாந்து நோக்கினர். அத்தான் சார்ட்டைச் சுருட்டினார். வாகை சூடிய வீரன் மார்பு விம்ம நிமிர்ந்து நின்றான். திரையைப் படித்து முடித்த கண்கள் ஒவ்வொன்றாக இறங்கி அவன் காலடிக்கு வந்தன. அப்போதுதான் அவனும் முதன்முறையாக அதைப் படித்தான்: "செருப்பை வெளியே விடவும். டாக்டரின் தம்பியும்தான்."

சின்னவன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டான்.