ஐநூறெல்லாம் வேணாங்க

“வாடகையில ஒரு ஐநூறு ரூபா...” என்று வீட்டுக்காரர் கோபால்சாமி ஆரம்பித்ததும் வெற்றிவேல் படிக்கட்டிலேயே நின்றுவிட்டான். ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் சொட்டச் சொட்டக் குடை.

“ஐநூறா?”

“ஆமா தம்பி. அக்ரிமெண்ட்டு முடியுதில்ல? புதுசு போடறப்பவே மாத்திப் போட்டுடலாம்னு நானும் சாந்தாவும் பேசி...”

“ஐநூறெல்லாம் வேணாங்க ஐயா.”

கோபால்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். “வேணாமா?”

“நியாயமே இல்லீங்க. எனக்கு மனசு ஒப்பல.”

எதிராளி ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருக்கும் வழக்கம் வெற்றிவேலுக்குக் கிடையாது. ஜமுனாமரத்தூரில் ஒரு சாமை அரவை ஆலையில் அவன் மேற்பார்வையாளன். மூட்டையோடு வரும் விவசாயி, “சார், இந்த எடை...” என்று வாயைத் திறந்தாலே, “எடையெல்லாம் கரெக்டா இருக்குது, போங்க” என்று அனுப்பிவிடுவான். அந்த விவசாயி எடை போடும் இடம் எது என்று கேட்க வந்திருப்பார்.

தவிர, இந்த ஐநூறை அவன் ஒரு மாதமாகவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர், குடித்தனக்காரரைக் காலி செய்ய வைத்துவிட்டு, ரூமுக்கு ரூம் ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தார். செங்கத்திலிருந்து மலையேறி வந்து, கோபால்சாமி வீட்டு மாடியில் மூன்று வருஷமாக நிம்மதியாக இருக்கும் தன் தலையிலும் ஒருநாள் இது விழும் என்று வெற்றிவேலுக்குத் தெரியும்.

கோபால்சாமி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். மனைவி சாந்தம்மாளோடு மலையில் சாமையும் புளியும் விளைவித்துப் பிழைத்தவர். பேச்சில் அவ்வளவு வேகம் போதாது.

“தேவிப் பொண்ணு கீழ வந்து போறது, சாந்தாகூட இருக்கறது, எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துதான் தம்பி...”

“யோசிச்சுச் சொல்றேங்க,” என்று வெற்றிவேல் மாடியேறிவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பால் பாக்கெட்டை மனைவி தேவியிடம் கொடுக்காமலே கேட்டான். “கீழ போய் இன்னா பண்ற நீ?”

“நானா? சாந்தம்மாவுக்கு முட்டி வலி. துணி காயப்போடறேன், மாவு ஆட்டறேன்.”

“மாவு எதுல ஆட்டற?”

“அவுங்க கிரைண்டர்லதான். அவுங்களுக்கும் நமக்கும் சேத்து.”

“அதான்! கிரைண்டருக்கும் கரண்டுக்கும் சேத்துத்தான் ஐநூறு ஏத்தறாரு.”

தேவி நம்பவில்லை. “அவுங்க அப்பிடிப்பட்டவங்க இல்ல. நான் சாந்தம்மாகிட்ட கேட்டுக்கினு வர்றேன்.”

“நீ ஒண்ணும் கேக்க வேணாம். இந்தமாரி விஷயத்துல ஒரு வார்த்த தப்பாப் போனா பேஜாராயிடும். நான் பாத்துக்கறேன். இனிமே கீழ எறங்காத.”

“பணம் ஜாஸ்தி, கட்டுப்படியாவாதுன்னு நேராச் சொல்லிட்டாத்தான் இன்னா?”

“அப்பிடிச் சொன்னா நம்மள எளப்பமா நெனப்பாங்க. பணத்தப் பத்தியே பேசக்கூடாது. நியாயத்தப் பேசணும்.”

மறுநாள் ஆலையில் சக்கரவர்த்தியிடம் யோசனை கேட்டான். எடைமேடையில் உட்காரும் சக்கரவர்த்தி, பல ஊர்களில் பல வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டுப் பழுத்தவர்.

“கொற சொல்லுப்பா,” என்றார் சக்கரவர்த்தி. “ஓட்ட, ஒடசல், ஒழுகறது, எல்லாத்தையும் எடுத்துக் காட்டு. ஓனரு வாயே தொறக்க மாட்டாரு.”

வெற்றிவேல் அன்று சாயங்காலமே கோபால்சாமியை மாடிக்கு அழைத்துப் போய்க் குளியலறைக் கூரையைக் காட்டினான். மழைத் தண்ணீர் மூலையில் இறங்கி, சுவரில் பெரிதாகக் கறை பிடித்திருந்தது.

“பாத்தீங்களா ஐயா? இந்த மாதிரி வூட்டுக்கு ஐநூறு நியாயமா? நீங்களே சொல்லுங்க.”

கோபால்சாமி அண்ணாந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. “எத்தினி நாளா ஒழுவுது?”

“போன மழைலேர்ந்து.”

“ஒரு வார்த்த சொல்லலியே தம்பி.” சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். “நீங்க சொல்றது வாஸ்தவந்தான். ஐநூறு நியாயமில்ல. எழுநூறாப் பண்ணிடுவோம்.”

வெற்றிவேலுக்குக் காது அடைத்தது. “எழுநூறா?”

“பின்ன? இத்தப் பாத்ததுக்கு அப்புறமும் ஐநூறுலயே நின்னா மனுசனா நானு?”

அவர் கீழே போய்விட்டார். ஒழுகுகிற கூரைக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கும் வீட்டுக்காரரை வெற்றிவேல் கேள்விப்பட்டதே இல்லை. ஆலைக்குப் போய்ச் சொன்னபோது சக்கரவர்த்தியும் கேள்விப்பட்டதில்லை என்றார்.

“உன் பேச்சுல சூடு இருந்திருக்கும். வீம்புக்கு ஏத்திட்டாரு,” என்றார். “இப்ப அப்பிடியே மாத்திப் போடு. நல்லவனா நடந்துக்க. நீயே செலவு பண்ணி அந்த ஒழுகலச் சரி பண்ணு. கூசிப்போயி அவரே வுட்டுடுவாரு.”

சந்தை நாளில் மேஸ்திரி ஒருவர் சிக்கினார். வெற்றிவேல் கைக்காசு போட்டு, சிமெண்ட் வாங்கி, மொட்டை மாடியில் பூச வைத்தான். கூட நின்று கலவைத் தட்டு தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தேவி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கோபால்சாமி மூச்சிரைக்க மேலே வந்தார்.

“மேஸ்திரி வந்துட்டுப் போனாராமே. துட்டு யார் குடுத்தது?”

“நாந்தாங்க. இதுல இன்னா இருக்குது, நம்ம வூடு மாதிரி,” என்றான் வெற்றிவேல், குப்புறப் படுத்தபடியே.

கோபால்சாமி கதவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். கூசிப்போய்விட்டார் என்று வெற்றிவேலுக்கு நன்றாகத் தெரிந்தது. சக்கரவர்த்தி சக்கரவர்த்திதான்.

“இதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது தம்பி,” என்றார் கோபால்சாமி. “ஆயிரம்! ஆயிரமாவே போட்டுடறேன். நீங்க குறுக்க ஒண்ணும் பேசக்கூடாது.”

வெற்றிவேல் எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்பு விடவில்லை. “ஐயா, ஆயிரம்லாம்...”

“பேசக்கூடாதுன்னேன்!” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வெற்றிவேலின் பேச்சை ஒருவர் பாதியில் வெட்டிவிட்டுப் போனார். அவன் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தான். குறை சொன்னால் ஏறுகிறது. நல்லது செய்தால் அதைவிட ஏறுகிறது. தேவி தைலப் பாட்டிலை மூடினாள்.

“இப்பவாச்சும் நான் கீழ போய்...”

“போவாத!”

சக்கரவர்த்தியிடம் கடைசியாக ஒரு யோசனைதான் மிச்சமிருந்தது. “காலி பண்றேன்னு சொல்லிடு. இந்தக் குளுருல புது ஆளு தேடிக்கினு இருக்க அவருக்குத் தெம்பு ஏது?”

“சரின்னு சொல்லிட்டாருன்னா?”

“சொல்ல மாட்டாரு.”

“சொல்லிட்டா?”

“அமிர்தியில எங்க மச்சான் வூட்டுப் பின்னால ஒரு ரூம் சும்மாத்தான் இருக்குது. ஆடு கட்டறாங்க. ஓட்டிட்டாக் காலி.”

வெற்றிவேல் அந்த ரூமை நினைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுநாள் கோபால்சாமியிடம் சொன்னான். “இப்பிடியே போச்சுன்னா நாங்க வேற வூடு பாத்துக்க வேண்டியதுதாங்க.”

அரை மணி நேரத்தில் சாந்தம்மாள் மாடிக்கு வந்துவிட்டாள். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். பின்னால் கோபால்சாமி. வந்ததும் நாற்காலியில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள்.

“தேவியக் கீழ வர வேணாம்னு சொல்லிட்டியாம். இப்பக் காலி பண்றேங்கற. எங்க மேல இன்னாப்பா கோவம்?”

“கோவம்லாம் இல்லம்மா. இந்த வாடக விஷயந்தான்...”

“வாடகதானே? அதுக்கா இவ்ளோ? இவருக்குப் பேசத் தெரியாது. தப்பா எதுனா சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காத. எவ்ளோ போடறதுன்னு நீயே சொல்லு. நீ சொல்றதுதான். நாங்க மறுபேச்சு பேசமாட்டோம்.”

கோட்டை விழுந்துவிட்டது. வெற்றிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். பழைய வாடகையையே கேட்டுவிடலாம். ஆனால் அழுகிற அம்மாள் முன்னால் ஒரேயடியாக ஜெயித்துவிட்டுப் போவது அவனுக்கு நன்றாகப் படவில்லை. கொஞ்சம் பெருந்தன்மை காட்டினால்தான் கௌரவம் என்று தோன்றியது.

“சரிம்மா. இந்த ஐநூறு, எழுநூறு, ஆயிரம் பேச்செல்லாம் வுட்டுடுங்க. அது எனக்குச் சரிப்படாது. பழைய வாடகைக்கு மேல நூறு ரூபா ஏத்தித் தர்றேன். இதுதான் என் முடிவு.”

சாந்தம்மாள் கோபால்சாமியைப் பார்த்தாள். கோபால்சாமி சாந்தம்மாளைப் பார்த்தார்.

“மேல நூறா?” என்றார் கோபால்சாமி.

“நூறுதான்.”

அவர் தேவி பக்கம் திரும்பினார். “இதுல உனக்கும் சம்மதந்தானாம்மா?”

“அவரு சொன்னாச் சரிதாங்க,” என்றாள் தேவி. ஆயிரம் நூறானதில் அவளுக்கும் நிம்மதிதான்.

கோபால்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னா மனுசன் சாந்தா!” என்று மெல்லச் சொன்னார். வெற்றிவேலுக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. வயசான மனுஷரைக் கொஞ்சம் அதிகமாகவே நெருக்கிவிட்டோமோ?

“தேவி, நாளைலேர்ந்து நீ கீழ போய்ட்டு வா,” என்றான், இரக்கத்தோடு.

அடுத்த நாளே வெற்றிவேலும் கோபால்சாமியும் கடைத்தெருவில் காவியாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். தாலுகா ஆபீஸ் மனுவிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை ஊரில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொடுப்பவள் காவியாதான். கோபால்சாமியைப் பார்த்ததும் சிரித்தாள்.

“இன்னா பெரியப்பா, இந்தவாட்டியாவது முடிவா? தொக மாறுது மாறுதுன்னு மூணு தபா வந்துட்டீங்க.”

“முடிவுதாம்மா. இந்தத் தம்பி சொல்றபடியே அடி. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்.”

வெற்றிவேல் தொகையைச் சொன்னான். காவியா ஒரு தடவை கம்ப்யூட்டரைப் பார்த்தாள், ஒரு தடவை அவனைப் பார்த்தாள். “மேல நூறா சார்? நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும். அடிங்க.”

அச்சாகி வந்ததும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கோபால்சாமி, “இருங்க தம்பி, வாய இனிப்பு பண்ணிக்கினு போவலாம்” என்று பக்கத்து பேக்கரிக்கு மைசூர்பாகு வாங்கப் போனார். வெற்றிவேல் ஒப்பந்தத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தான். இடுப்பு வலிகூடக் குறைந்தாற்போல் இருந்தது.

“வாடக விஷயத்துல கடேசி வரைக்கும் வுட்டுக் குடுக்காம நிக்கணும்மா,” என்றான். “பாதியில எறங்கிட்டா அவ்ளோதான்.”

காவியா அவனை மரியாதையோடு பார்த்தாள்.

“வாஸ்தவந்தான் சார். நானும் எத்தினியோ அக்ரிமெண்ட்டு அடிச்சிருக்கேன், வாடகைய ஆயிரம் ரூபா கொறச்சுக்கறேன்னு ஓனரு கெஞ்ச, நூறு ரூபா ஏத்தித்தான் குடுப்பேன்னு நின்னு ஜெயிச்ச ஒரே ஆளு நீங்கதான்!”