போலி ஊழியரைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் மேனுவல் சார் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவருடைய நாற்காலியைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். நல்ல சேதி சொல்ல யாரும் அப்படி நிற்பதில்லை.

"சார், உங்க ஏஜென்ட் சம்பளப் பட்டியலைத் துடைச்சு வெச்சிருச்சு. மொத்தக் கம்பெனியிலயும் ஒரு ஆள் இல்ல."

மேனுவல் சார் என்பது அவருடைய பெயரல்ல. மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரை அலுவலகம் என்றோ மறந்துவிட்டது. இப்போது அவர் எழுதுவதும் மனிதர்கள் படிக்க அல்ல. சம்பள மென்பொருளைச் சோதிக்கும் கருவியை இனி இயக்குவது ஒரு ஏஐ ஏஜென்ட். அதற்குப் புரியும்படி எழுத வேண்டும்.

கருவி சில போலி ஊழியர்களை உருவாக்கும். அசல் ஆட்களோடு கலந்து சம்பளம் போட்டுப் பார்க்கும். கடைசியில் போலிகளை அழிக்கும். சோதனைக்குத் தனிப் பட்டியல் வைக்கலாமே என்றால், வீண் செலவு என்று மேலிடம் கையை விரித்துவிட்டது.

'சோதனை முடிந்ததும் பட்டியலைச் சுத்தம் செய்யவும்' என்று எழுதியிருந்தார். ஏஜென்ட் சொல் தட்டாத பிள்ளை. சுத்தமோ சுத்தம்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். "மனுஷனுக்கு எழுதினா பாதி சொன்னாப் போதும், மீதிய அவனே யூகிச்சுக்குவான். இதுக்கு முழுசா சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஓட வெச்சீங்கன்னா உங்களை நிரந்தரம் பண்ணிடறேன். இல்லன்னா..."

மீதியை மேனுவல் சாரே யூகித்துக்கொண்டார்.

பல வருடங்களாக அவர் தற்காலிக ஊழியர். அன்று மாலை விஷயத்தைச் சொன்னபோது மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தத் தடவையாவது நடக்குமா? தற்காலிகமாவே செத்தும் போயிருவீங்க போலிருக்கு."

"தெளிவா எழுதிட்டா நடந்துரும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை தெளிவா பேசினதில்ல. மெஷினுக்கு எழுதப் போறாராம்."

மறுநாள் ஹெச்.ஆர். அக்கா பழைய நகலிலிருந்து பட்டியலை மீட்டுக் கொடுத்தார். அலுவலகம் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர் அவர். எதற்கும் அசர மாட்டார். மேனுவல் சார் வரியைத் திருத்தினார்: 'போலி ஊழியர்களை மட்டும் அழிக்கவும்.'

'போலி ஊழியர் யார்?' என்று கேட்டது ஏஜென்ட்.

கருவி எல்லாப் போலிகளுக்கும் ஜனவரி ஒன்றைத்தான் பிறந்த நாளாகப் போடும். அதையே எழுதினார். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டு வந்த பெற்றோர்கள் உலகத்தில் ஏராளம். மேனேஜரின் அப்பாவும் அவர்களில் ஒருவர். கொட்டுகிற மழையில் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார் மேனேஜர்.

"ஜனவரி ஒண்ணுல பொறந்தவங்க பேரெல்லாம் போயிருச்சாங்க. பட்டியல்ல இல்லாதவங்களை உள்ள விடக்கூடாதுங்க" என்றார் காவலாளி.

"யோவ், நான் மேனேஜர்யா!"

"எனக்கும் ஜனவரி ஒண்ணுதாங்க. நானும் வெளியிலதானே நிக்கிறேன்."

போனவர்களை ஹெச்.ஆர். அக்கா ஒவ்வொருவராகக் கையால் ஏற்றினார். தலையைத் துவட்டியபடி மேனேஜர் பல்லைக் கடித்தார். "போலி ஆள் எப்படி இருப்பான்? பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. இதுதான் கடைசி."

வெள்ளிக்கிழமை மேனுவல் சார் சாப்பிடப் போகவில்லை. அவரோடு சாப்பிடக் காத்திருப்பவர்களும் இல்லை. மனதை ஒருமுகப்படுத்தி எழுதினார்:

'போலி ஊழியர் விடுப்பு எடுப்பதில்லை. அவருக்குச் சம்பள உயர்வு வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பதுமில்லை. அவர்மேல் புகாரும் கிடையாது, பாராட்டும் கிடையாது. அவர் அனுப்பும் மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போடுவதில்லை. அவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அழைத்ததில்லை. இத்தனையும் பொருந்தினால் மட்டும் அழிக்கவும்.'

படித்துப் பார்த்தபோது யாரோ தெரிந்த ஆளைப் பற்றி எழுதியது போலிருந்தது. நல்ல எழுத்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஏஜென்ட் இம்முறை கேள்வியே கேட்கவில்லை. 'இருபது போலி ஊழியர்களை உருவாக்கினேன். இருபத்தொரு போலி ஊழியர்களை அழித்தேன். சோதனை வெற்றி.'

"ஒண்ணு கூடப் போயிருக்கே சார்" என்று இழுத்தார் மேனுவல் சார்.

"பழைய போலி எதுனா மிச்சம் இருந்திருக்கும். விடுங்க. அருமையா எழுதிட்டீங்க! போய் அக்காகிட்ட நிரந்தர உத்தரவை வாங்கிக்கோங்க." மேனேஜர் கையே குலுக்கிவிட்டார்.

மேனுவல் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்குப் போன் செய்ய எடுத்தவர், உத்தரவு கைக்கு வரட்டும் என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹெச்.ஆர். அக்கா கணினியில் தேடினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

"உங்க பேரே பட்டியல்ல இல்லையே சார்."

மேனுவல் சார் கையை நீட்டினார். "ஐயோ அக்கா, அந்த இருபத்தோராவது ஆள் நானா? நான் நிஜ ஆளுக்கா, தொட்டுப் பாருங்க! மேனேஜரை ஏத்தின மாதிரி என்னையும் கையால ஏத்திருங்க. வீட்ல காத்துட்டிருக்காக்கா."

அக்கா விசைப்பலகையைத் தொடவில்லை. அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"ஏத்த முடியாது சார், ஏஜென்ட் சரியாத்தான் செஞ்சிருக்கு. இந்த மென்பொருள் வந்த புதுசுல, சம்பளம் ஒரு நிஜ ஆளுக்குப் போய்ச் சேருதான்னு சோதிச்சுப் பார்க்கத்தான் உங்களைச் சேர்த்தோம். சோதனை முதல் மாசமே முடிஞ்சிருச்சு, சும்மா உக்காந்திருக்கீங்களேன்னு யாரோ கையேடு எழுதச் சொன்னாங்க, உங்களை அழிக்கத்தான் எல்லாரும் மறந்துட்டோம்."