இலையை விட்டு எழுந்த வாத்தியார்

கோபத்தை அடக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதையே வேலையாக வைத்திருந்தவன் நான். (என் மனைவி கவிதா இந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கட்டும். நாற்பது பேர் முன்னால் மானம் போனவனுக்கு இன்னும் ஒரு ஆள் சிரித்தால் என்ன குறைந்துவிடும்?) அந்த வேலையில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதை நானாக முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

புதுக்கோட்டைக்கு வெளியே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஒரு குடிநோய் மீட்பு இல்லம். குடியை நிறுத்த வந்தவர்கள் மூன்று மாதம் அங்கேயே தங்குவார்கள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மேரி அக்காதான் அதை நடத்திவந்தார். மாத்திரை, சாப்பாடு, யார் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மனசு என் பொறுப்பு. எனக்கு அப்போது வயது இருபத்தாறு, கல்யாணமாகி நாலு மாதம். உளவியல் பட்டமும், மதுரையில் ஐந்து நாள் பயிற்சி எடுத்த சான்றிதழும் கையில் இருந்தன. (சான்றிதழை லேமினேஷன் செய்து வைத்திருந்தேன். பட்டத்தைச் செய்யவில்லை.)

நான் நடத்தியது நாலு விரல் பாடம். கோபமோ துக்கமோ குடிக்க வேண்டும் என்ற தவிப்போ தலைக்கு ஏறும்போது ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டும். முதல் விரல், நில். இரண்டாவது, மூச்சை மெதுவாக விடு. மூன்றாவது, உள்ளே பார்: பசியா, தூக்கமில்லையா, எது உறுத்துகிறது? நாலாவது, அப்புறம் பேசு. உள்ளே இருக்கும் கொதிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு நோட்டில் எழுதவும் வேண்டும். பாட்டிலைத் தூக்கி எறிந்தால் மட்டும் போதாது, பாட்டிலைத் தேடிப் போக வைக்கிற கொதிப்பை ஆற்றவும் தெரிய வேண்டும் என்பதுதான் இதன் சாரம். பாடம் நல்ல பாடம். வாத்தியாரில்தான் கோளாறு.

கூடத்துச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். ‘இந்த வீட்டில் யாரையும் குடிகாரன் என்று சொல்லக் கூடாது.’ என் கையெழுத்துதான். கீழே ஒரு செம்பருத்திப் பூ வேறு வரைந்திருந்தேன்.

அங்கே இருந்தவர்களில் செல்வராசு கொடும்பாளூர்ப் பக்கத்து மினிபஸ் டிரைவர். வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஒரு வீட்டு விசேஷத்தில், போதையில், பந்தியில் வைத்து மச்சானோடு வாய்த்தகராறாகி, சாம்பார் வாளியைத் தூக்கி அவர்மேல் எறிந்துவிட்டு வந்தவர். இப்போது அவருடைய மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன்தான் சாம்பாரில் குளித்த மச்சான். “அவரு பந்தியில ஒழுங்கா உக்காந்து எந்திரிப்பாருன்னு அந்த இல்லத்துல சொல்லட்டும். இல்லாட்டி நான் புள்ளைய மடியில வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். செல்வராசுவின் மனைவி சுமதி அந்த உத்தரவாதத்தைக் கேட்டுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். குடும்பங்கள் பார்க்க வரும் நாள் அது. எல்லாருக்கும் இலை போட்டுச் சாப்பாடு.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. (என் யோசனைகளைப் பற்றிக் கவிதாவிடம் கேட்டால் தனியாக ஒரு கட்டுரை கிடைக்கும்.) அந்தப் பந்தியையே ஒத்திகையாக வைத்தால் என்ன? ஒருவர் மச்சானாக நடித்து வம்பிழுக்க வேண்டும். செல்வராசு நாலு விரலை மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். அதைப் பார்த்து மேரி அக்கா முடிவு சொல்லட்டும்.

“சாப்பாட்டுல வெளையாடாத தம்பி” என்றார் மேரி அக்கா.

“அக்கா, மொதல்ல நானே செஞ்சு காட்டுறேன். அப்பறம் அவரு செய்யட்டும்” என்றேன். அந்த ‘நானே’வில் இருந்த பவிசை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மச்சான் வேடத்துக்கு வேலாயுதத்தைப் போட்டேன். அவரும் அங்கே தங்கியிருந்தவர்தான்; மீமிசலில் மீன் ஏலம் விடுகிறவர். கரையில் நின்று கூவினால் நடுக்கடலில் இருக்கிற மீனே திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு வாய். “வெளையாட்டுன்னு நெனைக்காதீங்க, நெசமான மச்சானாட்டம் பேசுங்க” என்று நான்தான் சொன்னேன். நம் பக்கத்தில் ஒருவரை மச்சான் ஆக்கிவிட்டால் கேலி செய்யும் உரிமை முழுசாக அவர் கைக்குப் போய்விடும் என்பதை அந்த ஐந்து நாள் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் சட்டை இஸ்திரி போடவில்லை என்று கவிதாவிடம் கத்திவிட்டு, வைத்த இட்லியைத் தொடாமல் கிளம்பி வந்திருந்தேன். கோபத்தை அடக்கும் வகுப்புக்குத்தான்.

பந்தி ஆரம்பமானது. நான் செல்வராசுவாக உட்கார்ந்தேன். நிஜச் செல்வராசு என் பக்கத்தில், சாப்பிடாமல், மடியில் நோட்டோடு. நான் செய்வதைக் கவனித்து எழுதுவது அவர் வேலை. அவருக்கு அந்தப் பக்கம் சுமதி.

வேலாயுதம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் கரண்டியோடு வந்தார். “வாங்க மாப்ளே! பஸ்ஸு எங்க நிக்கிது? வயல்லயா?”

வரிசையே சிரித்தது. நான் ஒரு விரலை மடக்கிப் புன்னகை செய்தேன். எல்லாருக்கும் அப்பளம் வந்தது. என் இலையைத் தாண்டிப் போய்விட்டது.

“மாப்ளைக்கு அப்பளம் வேணாம்ப்பா. அவரு கைல எது குடுத்தாலும் ஒடைச்சுப்புடுவாரு.”

இரண்டாவது விரல். சோறு வந்தது. சாம்பார் எனக்கு முந்தின இலையோடு நின்றது.

“வாளிய அங்கிட்டே வையிங்க! மாப்ளை பக்கத்துல சாம்பாரக் கொண்டு போனா நம்ம வேட்டி என்னத்துக்கு ஆகும்?”

வெறும் சோறு என்னைப் பார்த்தது. சுற்றிலும் நாற்பது பேர் அப்பளத்தை நொறுக்கும் சத்தம். மூன்றாவது விரலை மடக்கி உள்ளே பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் அங்கே பசியைத் தவிர ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருக்கும். நான் விரல்களையே மறந்து வேலாயுதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, மொகம் வாடிக் கெடக்கு? எந்தங்கச்சி காலையில சோறு போடாம வெரட்டி விட்டுட்டாளா?”

அவர் சொன்னது செல்வராசுவை. எனக்கு இட்லி ஞாபகம் வந்தது.

எழுந்துவிட்டேன். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுவது என்றால் உறவே வேண்டாம் என்று சொல்வது. எழுந்தது போதாதென்று காலால் இலையைத் தள்ளினேன். அந்தக் கால் வாளியிலும் பட்டு, வாளிக்குப் பின்னால் மோரோடு வந்த மேரி அக்காவின் வெள்ளைச் சேலையெல்லாம் சாம்பார். அதோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை.

“நிறுத்துய்யா! குடிகாரப் பயலுகளுக்கு உக்காந்து பாடம் எடுக்குறேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்!” என்று கத்தினேன்.

அப்பளச் சத்தம் நின்றது. என் எதிரிலேயே அந்தச் சார்ட். செம்பருத்திப் பூ. வரிசையில் ஒருவர்கூட எழவில்லை. தகப்பன்மார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வேலாயுதம் கரண்டியைக் கீழே வைத்தார். மச்சான் குரல் போய், அவருடைய சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னார்: “சார்... நாலு வெரலு.”

தோட்டத்துப் பக்கம் ஓடிப்போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றேன். அப்படியே பஸ் ஏறி வேறு ஜில்லாவுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. மேரி அக்கா சாம்பார்ச் சேலையோடு வந்தார்.

“காலையில சாப்ட்டியா?”

“இல்லக்கா.”

“உள்ள பாரு, உள்ள பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்குற.”

“மன்னிப்புக் கேட்டுட்டு ரிசைன் பண்ணிடுறேன்க்கா.”

“அது லேசு. போயி அதே எலையில உக்காரு.”

விட்டு எழுந்த இலையில் திரும்பப் போய் உட்காருவதைவிடச் செருப்படி எவ்வளவோ மேல். போனேன். யாரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். யாரோ என் இலையை நேராக்கி வைத்திருந்தார்கள். “நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிருங்க” என்றேன். பயிற்சியில் கற்ற பெரிய வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வார்த்தை எனக்குப் பழகுனதுதான் சார்” என்றாள். “இங்கன வந்தும் கேக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

என் வாழ்க்கையில் என்னை யாரும் அதைவிட மெதுவாக அடித்ததில்லை.

மேரி அக்கா செல்வராசுவின் நோட்டை வாங்கினார். எல்லார் முன்னாலும் படித்தார். “சாருக்குக் கோவம் பத்து. சார் சாப்பிடலை போல. எனக்கு ஏழு. மூச்சு விட்டேன், அஞ்சு. சுமதி அழுகுது, எனக்கு ஒம்பது. சாரை அடிக்கணும்போல இருந்துச்சு. மூச்சு விட்டேன். ஆறு. எந்திரிக்கல.”

நோட்டை மூடி, சுமதி பக்கம் திரும்பினார். “ஒத்திகை முடிஞ்சிருச்சு தாயி. ஒன் அண்ணங்கிட்டச் சொல்லு, புள்ளைய மடியில வைக்கலாம்னு. இவரு உக்காந்து எந்திரிப்பாரு.” பிறகு என்னைப் பார்த்தார். “வாத்தியாருக்குத்தான் இன்னும் ரெண்டு மாசம் வகுப்பு வேணும்.” விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் வரிசையில் உட்கார்ந்து நோட்டு எழுதினேன். என் கொதிப்புக்கு மார்க் சரியா என்று பார்த்தவர் வேலாயுதம். (ஏலக்காரர் அல்லவா, அரை மார்க் விட்டுக்கொடுக்க மாட்டார்.)

காதுகுத்துக்குச் செல்வராசுவோடு துணைக்கு நானும் போனேன். குழந்தை மாமன் மடியில் வீறிட்டு அழுதாள். செல்வராசு பக்கத்தில் நின்று ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். பந்தியில் அந்த மச்சானே நேரே என் இலைக்கு வந்தார்.

“சாருக்கு மொதல்ல வையிங்கப்பா. ரெண்டு அப்பளமா வையி!”

செய்தி எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தது. பிறகு கவிதாவுக்கும் வந்தது. இன்றைக்கும் வீட்டில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால், என் மகள் அப்பள டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். விருந்தாளி யாராவது ஏன் என்று கேட்டால் கவிதா ஆரம்பித்துவிடுவாள்: இஸ்திரி போடாத சட்டை, தொடாத இட்லி, வராத சாம்பார், மேரி அக்காவின் சேலை. வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

நான் கத்திய வார்த்தையை மட்டும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சேலையோடு கதையை முடித்துவிடுவாள். மகளுக்கு இன்றுவரை அது தெரியாது. போன வாரம் அவள், “அப்பா, ஒரு அப்பளத்துக்குப் போயா இத்தனை வருசமா வெக்கப்படுறீங்க?” என்று கேட்டாள். அதற்காகத்தான் இதை எழுதி அவள் மேசைமேல் வைக்கிறேன்.