நின்ற இடத்திலேயே விழுந்த ராக்கெட்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் பணிவான வணக்கம். அத்தையின் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

உங்கள் மகள் பையோடு வந்து இறங்கி, "சும்மா ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றிருப்பாள். சும்மா இல்லை மாமா. நாங்கள் இருவரும் ஆபீஸில் எழுதுவது, கம்ப்யூட்டருக்குள் ராக்கெட் விட்டுப் பார்க்கிற புரோகிராம். ராக்கெட் என் பாகம், காற்று அவள் பாகம். மேனேஜருக்குப் போட்டுக் காட்டிய அன்று, இன்ஜினைப் பற்றவைக்கும் முன்பே அது நின்ற இடத்திலேயே மேற்கே சாய்ந்து சுக்குநூறாகிவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான், "என் ராக்கெட் பாட்டுக்கு நிக்குது சார், காத்தை எழுதினவங்களைக் கேளுங்க"ன்னுட்டேன். எட்டுப் பேர் முன்னாடி. அவ சத்தம் போடலை. "நிக்குதுன்னு எதை வச்சு சொல்ற?"ன்னு மட்டும் கேட்டா. நான் அதைக் குத்தல்னு எடுத்துக்கிட்டேன். மறுநாள் காலைல அவ பை வாசல்ல இருந்துச்சு.

நாலு நாள் அவ எழுதின காத்துல தப்புத் தேடினேன். ஒண்ணும் கிடைக்கலை. கடைசியா, நிக்கிற ராக்கெட்டோட வேகம் என்னன்னு என் பாகத்தையே கேட்டேன். விநாடிக்கு நானூத்தி அறுபது மீட்டர்னு சொல்லுது, பூமி சுத்தற வேகம் அது. நீங்க முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், உங்களுக்குச் சட்டுனு புரியும். ஜன்னலைச் சாத்தின பஸ் எவ்வளவு வேகமாப் போனாலும் உள்ள இருக்கறவர் மூஞ்சில காத்து அடிக்காது, உள்ள இருக்கற காத்தும் கூடவே வருதில்லையா. பூமியும் காத்தைக் கூட்டிக்கிட்டுத்தான் சுத்துது. அவ பாகம் கேட்டது தரையைப் பாத்து அளந்த வேகம். நான் கொடுத்தது நட்சத்திரத்தைப் பாத்து அளந்தது. பாவம், அந்தக் காத்து என்ன செய்யும், ராக்கெட் பறக்குதுன்னு நினைச்சு அடிச்சுத் தள்ளிடுச்சு.

அவ கேட்டது கேள்வி இல்லை மாமா, பதில். எனக்குக் காது இல்லாமப் போச்சு. ராக்கெட் உடைஞ்சா மறுபடி ஓட்டிக்கலாம். அன்னைக்கு அவ முகம் போன போக்கை எத்தனை தடவை ஓட்டிப் பாத்தாலும் மாத்த முடியலை. இன்னைக்குக் காலைல அதே எட்டுப் பேரையும் உக்கார வச்சு, தப்பு என்னுதுன்னு சொன்னேன். மேனேஜர், "இதை அவங்க இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே"ன்னார்.

பூமி சுத்தற வேகத்தைக் கழிச்சு, என் பாகத்தைத் திருத்திட்டேன். எல்லாம் சரியாயிடுச்சு, அவ எதையும் தொட வேண்டாம்னு தயவுசெய்து சொல்லுங்க.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் அன்பும் குறையாதிருக்க வேண்டும். இப்படிக்கு, மாப்பிள்ளை.

பி.கு.: கவரை ஒட்டும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ராக்கெட் இப்போது கிழக்கே விழுகிறது. உங்கள் வீட்டில் இருந்தபடியே அவளும் நேற்றே, எனக்குச் சொல்லாமல், தன் பாகத்தில் அதே வேகத்தைக் கழித்திருக்கிறாள்; ஒரே வேகம் இரண்டு முறை கழிந்துவிட்டது. எந்தத் திருத்தத்தை நீக்குவது என்று அவளே முடிவு செய்யட்டும். நான் எதையும் தொடவில்லை. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே சாயங்கால பஸ்ஸில் வருகிறேன்.