பந்தியாரின் மண்டபக் கணக்கு

மதுரையைச் சுற்றி எங்கள் பந்தியார் அழைப்பில்லாமல் சாப்பிடாத கல்யாணமே கிடையாது. அத்தனையும் ஆபீஸ் வேலை என்றால் யார் நம்புவார்கள்?

கோச்சடையில் எங்கள் ஆபீஸ். ஒரு கட்டடம் கட்டினால் போட்ட முதல் திரும்புமா என்று ஆராய்ந்து அறிக்கை தருவோம். நான் நாற்காலியிலேயே ஆராய்வேன். பந்தியாரோ, ஆஸ்பத்திரித் திட்டம் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியில் இல்லாத வயிற்றுவலிக்கு டோக்கன் வாங்கிக் காத்திருப்பார். மண்டபம் என்றால் நேராகப் பந்திதான்.

வாடிப்பட்டிக்காரர் ஒருவர் வந்தார். இருக்கிற ஒரே வயலை மேடாக்கி மண்டபம் கட்டப்போகிறாராம்.

"மெயின் ரோட்டு மண்டபத்துல ஆவணி பூரா கூட்டம் அள்ளுது சார். அதைப் பன்னெண்டால பெருக்குங்க."

பெருக்கினேன். லாபம் பிரமாதமாக வந்தது. அவர் போனதும் பந்தியார் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, ஆடியில எவன்டா தாலி கட்டுறான்? மார்கழியில?"

கால்குலேட்டரை மறுபடி எடுத்தேன். "ரெண்டு மாசத்தைக் கழிச்சிரவாண்ணே?"

"கழிச்சா ஆச்சா? கெளம்பு, சாப்டப் போவோம்."

அந்த மெயின் ரோட்டு மண்டபத்துக்கே போனோம். சாம்பார் வாளிக்காரர், "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றார். "ரெண்டும்" என்று உளறினேன். பந்தியார் அசரவில்லை. பக்கத்து இலையில் இருந்த பெண்ணின் தாய்மாமனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ணே, இந்த மண்டபத்தை எதுக்குப் பிடிச்சீக?"

"பஸ்ஸை விட்டு எறங்குனா வாசல்ண்ணே. உள்ள தள்ளி ஒண்ணு கெடக்கு. அம்புட்டுத் தூரம் எந்தக் கெழவி நடப்பா? ஆவணியிலயும் பூட்டித்தான் கெடக்கு."

நம் ஆளின் வயல் அதற்கும் உள்ளே. பந்தியார் மறுபடி பாயசம் கேட்டார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வயல்காரர் வந்ததும் கேட்டதைச் சொன்னோம். மனுஷருக்கு முகம் சிவந்தது. அடி விழுந்தால் தப்பிக்க நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"சரி, என் எடத்துல நீங்க இருந்தா கட்டுவீகளா?"

"மாட்டேண்ணே" என்றார் பந்தியார். "போர்ல தண்ணி வத்தாத வயலு. விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்."

வயல்காரர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். மண்டபம் கட்டவில்லை.

பந்தியார் ஓய்வு பெற்று இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் போட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "அங்க நெல்லு எப்படி நிக்குது?" என்பார். வாடிப்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் ஒரு நடை போய், அந்த வயல் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுகிறேன்.