மாப்பிள்ளையின் மீசையும் எங்கள் புறநகரின் வசதிகளும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது. எனக்கு எழுத்தும் கிடையாது, மறதியும் கிடையாது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விட்டுத்தள்ளுங்கள். அங்கே உங்கள் நலமும், குறிப்பாக உங்கள் மீசையின் நலமும் அறிய ஆவல்.

பேராலய நகரத்துக்கு உங்களுக்கு மாற்றலாகி, பேராலயத்தின் எதிர்த்தெருவிலேயே வீடு தேடுகிறீர்களாம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு எங்கள் புறநகர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றீர்களாம். மகள் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை விடுமுறைக்கு விடுமுறைதான் பார்க்கிறேன். இந்த மருந்துக்கடைக்காரரின் மாடி வீட்டுக்கு நீங்கள் குடிவந்தால் தினமும் பார்ப்பேன். அதனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சரித்திரம். பேராலயம் கட்டக் கல் ஏற்றிப்போன வண்டி ஒன்று இங்கே அச்சு முறிந்து கவிழ்ந்தது. கல்லைத் தூக்க ஆள் வரும்வரை இருக்கலாம் என்று வண்டிக்காரர் ஒரு கொட்டகை போட்டார். ஆள் வரவேயில்லை. கொட்டகை வீடாகி, வீடு தெருவாகி, இப்போது நாங்கள் நாலாயிரம் பேர். பஸ் நிறுத்தத்தில் நீங்கள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தீர்களே, அந்தக் கல்தான். அதில் உட்கார நகரத்துக்காரர்கள் யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்தது தண்ணீர். குழாய் பதிக்க மண் வெட்டியவர்களில் நானும் ஒருவன். உங்கள் மனைவிக்கு முதல் பல் முளைத்த வருஷம், எங்கள் மேஸ்திரிக்குப் பல்வலி வந்த வருஷம். வலியோடு வலியாக அவர் தெரு வால்வுகளையெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் திறக்கும்படி மாற்றிப் பொருத்திவிட்டார். தோண்டித் திருத்த மேலிடம் உத்தரவு தரவில்லை. தெருவில் ஒரு பக்கம், வீட்டில் ஒரு பக்கம் என்றால் குழப்பம் என்று ஊரே பேசி, வீட்டுக் குழாய்களையும் அதே மாதிரி செய்யச் சொல்லிப் பொருத்திக்கொண்டது. அன்றுமுதல் ஒரு குழந்தைகூடத் தவறாகத் திருப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்த நீங்கள்தான் மாடி வீட்டுக் குழாயை மூடுவதாக நினைத்து முழு பலத்தோடு திறந்தீர்கள், அதுவும் கையோடு வந்துவிட்டது. ஆனால் தண்ணீரின் வேகத்தைக் கவனித்தீர்களா? நகரத்தில் மாடிக்கு அப்படி ஏறாது.

துவட்டிக்கொள்ள உங்களை நூலகத்துக்கு அழைத்துப்போனதில் தப்பில்லை, துண்டு அங்கேதான் இருக்கும். ஒரே அறையில் பாதி நூலகம், பாதி முடிதிருத்தகம், இரண்டுக்கும் ஒரே ஆள். முடி வெட்டக் காத்திருப்பவர் படிப்பார், படித்துக்கொண்டிருப்பவருக்கு முடி வளர்ந்தால் வெட்டிக்கொள்வார். துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்கிறவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்பதில்லை. நான் வாசலில் நின்று, நூலகம் வந்த கதையை வழியில் போன ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, மீசையை எடுத்ததும் மாப்பிள்ளைக்குப் பத்து வயசு குறைஞ்சுபோச்சு பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோதுதான் திரும்பினேன். நீங்கள் கண்ணாடியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"மாமா, பஸ் எத்தனை மணிக்கு?" என்றீர்கள்.

அவ்வளவுதான். அந்த நேரத்திலும் மாமா என்றுதான் கூப்பிட்டீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

பஸ்ஸும் ஒரு வசதிதான். ஓட்டுநர் எங்கள் தெருக்காரர்; அவர் சாப்பிட்டு எழுந்தால்தான் பஸ் கிளம்பும். அதனால் பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று இங்கே ஒருவரும் கிடையாது. அன்றைக்கு அவர் வீட்டில் சமையல் நன்றாக அமைந்துவிட்டது போலிருக்கிறது.

இன்னொன்று. எதிர்த்தெருவில் குடியிருந்தால் பேராலயத்தின் வாசற்படிதான் தெரியும், மணியும் காதுக்குள்ளேயே அடிக்கும். இங்கே மாடியில் நின்றால் கோபுரம் முழுசாகத் தெரியும், மணி கேட்டும் கேட்காமலும் இருக்கும்.

நீங்களும் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், முடிந்தால் நடந்து வந்து பார்க்கிற தூரத்தில்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (கைநாட்டு)

பின்குறிப்பு: சார், இது மருந்துக்கடைக்காரன் நானாக எழுதுவது. உங்கள் மனைவி செவ்வாய்க்கிழமையே வந்து மாடி வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். "அவர்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். அப்பாகிட்ட மட்டும் இப்போ சொல்லாதீங்க, அவர் வாயில ஒண்ணும் தங்காது" என்றார். பெரியவர் இரண்டு மணி நேரம் சொன்னார், நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மனைவி இன்னும் உங்களிடம் சொல்லவில்லையென்றால் இந்தப் பின்குறிப்பை நீங்கள் படிக்கவில்லை. நானும் எழுதவில்லை.